ஃப்ளெக்ஸா, சாக்பீஸா, அட்டையா?

இந்த வாரம் என்ன கற்கப்போகிறோம் என்பதை எல்.கே.ஜி. பிள்ளைகளுக்குப் படமாகக் காட்ட, பாம்பன் பக்கத்தில் ஒரு வகுப்பறையில் மூன்று வழிகளைச் செய்து பார்த்திருக்கிறேன்.

முதலில் அச்சடித்த ஃப்ளெக்ஸ். ஒரு தடவை மாட்டினால் வருஷம் முழுக்க வேலை இல்லை. சார்ட் பேப்பர் இந்த உப்புக்காற்றில் சீக்கிரமே சுருண்டுவிடும், ஃப்ளெக்ஸ் தாங்கும். ஆனால் வருஷத்துக்கான பன்னிரண்டு இலக்குகளும் ஒரே பரப்பில், அதுவும் பெரியவர்கள் கண்ணுக்கு நேராக. "எழுதுவேன்" என்ற வரிக்கு ஒரு பென்சில் படம். இது என்ன என்று கேட்டால் பிள்ளை "பென்சில்" என்கிறது. சரியான பதில்தானே! படத்தில் பொருள் இருக்கிறது, செயல் இல்லை.

சுவர் நிறையப் படம் இருந்தால் நல்லது என்றுதான் நானும் நம்பியிருந்தேன். கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு என்னை யோசிக்க வைத்தது. 24 மழலையர் பிள்ளைகளுக்கு இருவிதமான அறையிலும் பாடம் நடத்தினார்கள். அலங்காரம் நிறைந்த அறையில் 42 சதவீதம், வெறும் சுவர் அறையில் 55 சதவீதம் சரியான விடைகள் வந்தன. சின்ன ஆய்வுதான். இருந்தாலும் பாதிப் படங்களைக் கழற்றிவிட்டேன்.

கரும்பலகையில் சாக்பீஸ் படம் வரைவது பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் சாயங்காலம் அழிந்துவிடும். ஐந்து வரை எண்ணப் பழக ஒரு வாரமாவது வேண்டும். மறுநாள் வரைவது அதே படமாக இருக்காது.

என் ஓட்டு கையால் வரைந்த அட்டைக்கு. வாரத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. "ஐந்து வரை எண்ணுவேன்" என்றால், மணலில் ஒரு கை ஐந்தாவது சிப்பியை வைக்கிறது. "என் முறை வரும்வரை காத்திருப்பேன்" என்றால், குழாயடியில் குடங்களோடு வரிசை. தினம் பார்க்கும் காட்சி என்பதால் விளக்கவே வேண்டியதில்லை. மேலே செலோடேப் ஒட்டி, பிள்ளைகள் தொடும் உயரத்தில் கம்பி கட்டித் தொங்கவிடுகிறேன். படத்தைப் பார்த்தே தன் இடத்தைப் பிள்ளை கண்டுபிடிப்பது நமக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் இருந்த செயல்வழிக் கற்றல் முறையில், பாடப் படிகளை வரிசையாகக் காட்டும் 'ஏணி' என்ற சுவர் அட்டையில் விலங்கு, பறவைச் சின்னங்கள் அந்த வேலையைத்தான் செய்தன.

இதில் சிரமமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் உட்கார்ந்து வரைய வேண்டும். "என்ன டீச்சர், சுவரு வெறுமையா கிடக்கு?" என்று ஓர் அம்மா கேட்டார். அதனால் ஃப்ளெக்ஸை வராண்டாவுக்கு மாற்றினேன். வருஷத்துக்கான இலக்குகளைப் பெற்றோர் அங்கே நின்று படிக்கிறார்கள்; அது அவர்களுக்குப் பொருந்துகிறது.

அட்டையிலும் ஒரு தவறு செய்தேன். எண்ணி முடித்தவர் பெயர் எழுதிய சிப்பியை அதன் கீழே தொங்கவிட்டோம். வெள்ளிக்கிழமை ஒரே ஒரு இடம் மட்டும் காலி. அந்தப் பிள்ளை அந்தப் பக்கம் போகவே இல்லை. இப்போது எல்லோரும் பெயரில்லாத சிப்பிகளை ஒரே ஜாடியில் போடுகிறார்கள். யாருக்கு வந்தது, யாருக்கு இன்னும் வரவில்லை என்பது என் நோட்டில் மட்டும் இருக்கிறது.