ஒரிஜினல் கேனுக்குள் பழைய ஆயில்: வீட்டிலேயே ஆயில் மாற்றுகிறவர்கள் கவனத்துக்கு

என் காருக்கு ஆறு வருஷமாக நானேதான் ஆயில் மாற்றி வருகிறேன். வீடு தக்கலைக்குப் பக்கம். தினமும் நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போய் வருவதால், வருஷத்துக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் தாண்டி ஓடுகிற 2013 மாடல் பெட்ரோல் கார். கையேட்டில் போட்டிருப்பது 5டபிள்யூ-30 என்ற ரக ஆயில். ஃபில்டரோடு சேர்த்து மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் கூடப் பிடிக்கும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆயில் தேர்ந்தெடுப்பதில் யாரும் என்னை ஏமாற்ற முடியாது என்றுதான் 2024 அக்டோபர் வரை நம்பியிருந்தேன்.

நான் வழக்கமாக வாங்கும் கடை அந்த வாரம் மூடியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வேலையை முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், சனிக்கிழமை சாயங்காலம் நாகர்கோவிலில் வேறொரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஏறினேன். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஏன் என்று பின்னால் புரியும்.

கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது 20டபிள்யூ-50. "நம்ம ஊரு சூட்டுக்குக் கட்டியான ஆயிலுதான் சார் நிக்கும்" என்றார். இது நம் பக்கத்தில் பல பேர் சொல்லும் பேச்சு, தப்பான பேச்சு. பின்னால் வரும் 30, 50 என்ற எண் 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஆயில் எவ்வளவு கட்டியாக இருக்கும் என்பதைச் சொல்வது. வெளியே வெயில் எப்படி அடித்தாலும், ஓடுகிற இன்ஜினை ஏறக்குறைய ஒரே சூட்டில் வைத்திருக்கத்தான் தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் இருக்கின்றன. மெல்லிய ஆயிலுக்கென்று இடைவெளி வைத்துச் செய்த இன்ஜினில் கட்டி ஆயிலை ஊற்றினால், காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மேலே வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் வரை ஏறத் தாமதமாகும், மைலேஜும் குறையும். அதனால் வேண்டாம் என்று சொல்லி, 5டபிள்யூ-30, ஏ.பி.ஐ. (அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பு) எஸ்.என். தரமாவது வேண்டும் என்று கேட்டேன். எஸ்.என். என்பது 2010-இல் வந்த தரம், அதைவிடப் புதிய தரமான எஸ்.பி. 2020-இல் வந்தது. பெட்ரோல் காருக்குப் புதிய தரத்தைப் பழைய வண்டியிலும் தாராளமாக ஊற்றலாம்.

சரி, கேட்ட ஆயில் வந்தது. பெரிய கம்பெனி கேன். எம்.ஆர்.பி. 1,640 போட்டிருந்ததை 1,250-க்குத் தந்தார். ஃபில்டரும் கம்பெனி பெட்டியில்தான் இருந்தது, அதற்கும் இருபது ரூபாய் குறைத்தார். பில் கேட்டேன். ஒரு துண்டுச் சீட்டில் 'எஸ்டிமேட்' என்று தலைப்பிட்டு, ஜி.எஸ்.டி. எண் எதுவும் இல்லாமல் எழுதித் தந்தார். மழை கொட்டிக்கொண்டிருந்தது, வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலை வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, பழைய ஆயிலை வடித்தேன். (வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் யாரும் தலையை விடாதீர்கள்.) டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர். ஃபில்டர் ரப்பரில் புது ஆயிலைத் தடவி, ரப்பர் போய் ஒட்டியதும் கையாலேயே முக்கால் சுற்று முறுக்கினேன். செய்முறையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

கேனைத் திறக்கும்போது கண்ணில் பட்டவற்றைத்தான் கவனிக்காமல் விட்டுவிட்டேன். மூடியைத் திருகியபோது அடி வளையம் 'டக்' என்று அறுபடவில்லை. மூடியோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே வந்தது. உள்ளே வெள்ளிக் காகிதம் இருந்தது, ஆனால் ஓரமெல்லாம் சுருங்கி, இஸ்திரிப் பெட்டியை வைத்து ஒட்டியதுபோல் இருந்தது. ஊற்றும்போது நிறம் தேன்போல் இல்லாமல் கொஞ்சம் சிவந்து தெரிந்தது. கம்பெனிக்காரன் ஏதோ மாற்றியிருப்பான் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இரண்டாவது வாரத்திலிருந்து காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு மட்டும் 'கடகட' என்று மூன்று நான்கு வினாடி சத்தம். ஆயில் விளக்கும் அதுவரை அணையாது. அப்புறம் சரியாகிவிடும். பெட்ரோல் சரியில்லை என்று நினைத்து, பெட்ரோல் போடும் பங்க்கை மாற்றினேன். இரண்டு மாதத்துக்கு மேல் இப்படியே ஓட்டினேன். ஜனவரி தொடக்கத்தில் ஒருநாள் சாயங்காலம் வில்லுக்குறியில் போக்குவரத்தில் மாட்டி, இன்ஜின் நல்ல சூட்டில் நின்றுகொண்டிருந்தபோது ஆயில் விளக்கு மினுக் மினுக்கென்று எரிய ஆரம்பித்தது. உடனே ஓரமாக ஒதுக்கி இன்ஜினை நிறுத்திவிட்டேன். டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் அளவு சரியாக இருக்கிறது. விரலில் தொட்டுப் பார்த்தால் மண்ணெண்ணெய்போல் வழுக்கி ஓடுகிறது, அடுப்பில் கருகின வாடை.

அழகியமண்டபத்திலிருந்து எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் வந்து வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார். ஆயில் விளக்குக்கான ஸ்விட்சைக் கழற்றி அந்த இடத்தில் பிரஷர் கேஜை மாட்டினார். சூடான இன்ஜினில், ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலில் விட்டபோது முள் எழும்பவே இல்லை. ஒரு சொட்டை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்து மோந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது புது ஆயிலே இல்ல மக்கா, கேட்டியா. வடிச்ச பழைய ஆயில அரிச்சுக் கலர் ஏத்தி அடைச்சது."

எனக்கு நம்ப முடியவில்லை. என் வழக்கமான கடையில் அதே ஃபில்டரை பில்லோடு வாங்கி வந்தோம். இரண்டையும் ஆக்ஸா பிளேடால் அறுத்து, ஒரு பழைய பேப்பரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். நல்ல ஃபில்டரில் காகித மடிப்புகள் நெருக்கமாக 54 இருந்தன. என் வண்டியில் ஓடினதில் 31, ஒன்றுக்கொன்று விரல் போகிற இடைவெளி. காகிதத்தின் இரண்டு முனையும் சேரும் தையலில் பசை விட்டுப் பிளந்திருந்தது. ஆயில் வடிகட்டப்படாமல் அந்தப் பிளவு வழியாகவே சுற்றி வந்திருக்கிறது. நல்லதில் வாய்ப்பக்கம் மெத்தென்று ஒரு ரப்பர் வால்வு, நுனியால் தள்ளினால் மடங்கித் திரும்பும். இன்ஜின் நின்றதும் ஃபில்டரில் உள்ள ஆயில் சம்ப்புக்கு (இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) வடிந்துவிடாமல் பிடித்து வைப்பது அதுதான். என்னுடையதில் அந்த இடத்தில் கரகரவென்று ஒரு பிளாஸ்டிக் வட்டு. என் வண்டியில் ஃபில்டர் படுத்தவாக்கில் இருப்பதால், ராத்திரி முழுக்க ஆயில் வடிந்து, காலையில் வெறும் ஃபில்டரோடு ஸ்டார்ட் ஆகியிருக்கிறது. அந்தக் 'கடகட' சத்தத்துக்குக் காரணம் அதுதான்.

கேனைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால் அதையும் பார்த்தோம். சில கேன்களின் அடியில், பிளாஸ்டிக்கிலேயே வார்த்த சின்ன வட்டத்தில் கேன் செய்த வருஷம் இருக்கும். என் கேனில் அது 2021. பக்கவாட்டில் ஆயில் அடைத்ததாக அச்சிட்டிருந்தது 2024. அந்த அச்சும் கட்டை விரலால் தேய்த்ததும் கையோடு வந்துவிட்டது. கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்கு பேட்ச் எண்ணைச் சொன்னேன். நான்கு நாளில் பதில் வந்தது: அந்த பேட்ச் 1 லிட்டர் கேனுக்கு உரியது, என் கையில் இருப்பதோ 3.5 லிட்டர் கேன்.

சம்ப்பைக் கழற்றி, ஆயில் உறிஞ்சும் சல்லடையில் படிந்திருந்த கசடைத் துடைத்து, புது ஆயில், புது ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்து 5,300 ரூபாய். கேஜில் முள் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. டைமிங் செயின் பக்கம் மட்டும் முன்னால் இல்லாத ஒரு மெல்லிய சத்தம் இன்னும் இருக்கிறது. அது போகாது என்று அண்ணன் சொல்லிவிட்டார்.

கேனையும் அறுத்த ஃபில்டரையும் எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பார்க்கக்கூட இல்லை. "பொட்டிச்ச சாமான நான் எப்பிடி சார் எடுக்க முடியும்? இது நம்ம கடையில வாங்கினதுதான்னு என்ன உறுதி?" என்றார். என்னிடம் இருந்தது அந்த எஸ்டிமேட் சீட்டு. கடைப் பெயரும் இல்லை, கையெழுத்தும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்தபோதும் அவர்கள் முதலில் கேட்டது பில்லைத்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. நாகர்கோவிலிலேயே மாவட்ட ஆணையம் இருக்கிறது. எல்லாம் இருந்தும், அங்கே வாங்கினேன் என்று காட்ட என்னிடம் தாள் இல்லை. கடைப் பெயரை இங்கே எழுதாததும் அதனால்தான். தயவுசெய்து ஜி.எஸ்.டி. எண், கடைப் பெயர், தேதி, முடிந்தால் பேட்ச் எண்ணும் உள்ள பில் இல்லாமல் ஆயில் வாங்காதீர்கள். நூறு ரூபாய் கூடப் போனாலும் பரவாயில்லை.

கேனைக் கடையிலேயே தலைகீழாகப் பிடித்து அடியைப் பாருங்கள். அச்சைத் தேய்த்துப் பாருங்கள். ஃபில்டர் வாயைச் சுற்றியுள்ள சின்ன ஓட்டைகள் வழியாக அந்த ரப்பர் வால்வை மெல்லத் தள்ளிப் பாருங்கள், கறுப்போ ஆரஞ்சோ எந்த நிறமானாலும் மெத்தென்று மடங்க வேண்டும். வீட்டில் மூடி வளையம் அறுபடாமல் சுற்றினால் அதோடு நிறுத்திவிடுங்கள், ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள். பைக்குக்கும் சேர்த்து வாங்குகிறவர்கள் காருக்கான ஆயிலை அதில் ஊற்ற வேண்டாம். கிளட்ச் ஆயிலிலேயே மூழ்கி ஓடும் பைக்குக்கு ஜாசோ எம்.ஏ. (ஜப்பானியத் தரக் குறியீடு) என்று போட்டதுதான் வேண்டும், இல்லாவிட்டால் கிளட்ச் வழுக்கும். வடித்த ஆயிலை மண்ணில் ஊற்றுகிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். நம் ஊரில் வீட்டுக்கு வீடு கிணறு.

இன்னொன்று. ஆறு வருஷமாக ஆயில் மாற்றியபின் காலிக் கேனை நன்றாக மூடி, லேபிள் கசங்காமல், ஆக்கர் (பழைய சாமான்) எடுக்க வருகிறவரிடம் போட்டு வந்திருக்கிறேன். போலி ஆயில் அடைக்கிறவர்களுக்கு ஒரிஜினல் கேன் எங்கிருந்து கிடைக்கிறது என்று மெக்கானிக் அண்ணனிடம் கேட்டபோது அவர் என் முகத்தைத்தான் பார்த்தார். இப்போது கத்தியால் கேனை நடுவில் வெட்டி, மூடியைத் தனியாக நறுக்கிப் போடுகிறேன். போன வாரம் வந்த ஆக்கர்காரர் அதைப் பார்த்துவிட்டு, "ஏன் சாறே வெட்டுனிய? முழுசா இருந்தா ஒண்ணுக்கு இருபது ரூவா தருவேன். இது பிளாஸ்டிக் கணக்குல எடைக்குத்தான்" என்றார். எடைக்கே போட்டேன். நான்கு ரூபாய் தந்தார்.