லாரி எங்கே நிற்கிறது? வாட்ஸ்ஆப் போதுமா, ஜிபிஎஸ் கருவி வேண்டுமா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒன்றிரண்டு லாரி வைத்துச் செம்பனைக் (எண்ணெய்ப்பனை) குலை ஏற்றுகிறவர்கள் இப்போது குழம்புவது இதில்தான். அறுத்த குலை 24 மணி நேரத்துக்குள் எண்ணெய் மில்லுக்குப் போய்விட வேண்டும். தாமதமானால் எண்ணெயில் அமிலம் ஏறி, தரம் இறங்கும். அதனால் வண்டி எங்கே என்று தெரிந்தே ஆக வேண்டும்.

செலவு
வாட்ஸ்ஆப்: டேட்டா காசு மட்டும்.
கருவி: வாங்கும் விலை, அப்புறம் மாதச் சந்தா.

நம்பகம்
வாட்ஸ்ஆப்: நேரலை இருப்பிடம் ஒரு தடவைக்கு அதிகபட்சம் 8 மணி நேரம். பிறகு டிரைவர் மறுபடி அனுப்ப வேண்டும். போனில் சார்ஜ் இறங்கினால் அதோடு சரி.
கருவி: லாரி பேட்டரியிலேயே ஓடும். தோட்டத்துக்குள் லைன் இல்லாவிட்டாலும் நல்ல கருவி போன பாதையைச் சேமித்து வைத்து, பெரிய ரோட்டுக்கு வந்ததும் அனுப்பிவிடும். மில் எடைப்பாலத்தில் வரிசை நிற்கும்போது எஞ்சினை அணைக்காமல் விட்டார்களா என்பதும் தெரியும். டீசல் விற்கும் விலைக்கு, எனக்கு இது ஒன்றே போதும்.

மலிவாகப் பழைய கருவி கிடைக்கிறதா? மலேசியாவில் 3ஜி சேவை 2021 இறுதியோடு முடிந்துவிட்டது. 4ஜி எடுக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சொந்தமாக ஓட்டுகிறவருக்கு வாட்ஸ்ஆப் தாராளம். சம்பளத்துக்கு ஆள் வைத்து ஓட்டினால், வெளியில் வண்டி ராத்தங்கினால், கருவிதான். மாட்டும் முன் டிரைவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.