ஜாக் வான்ஸ்: நான்கு நூல்கள், ஒரே தொகுப்பு

1916இல் பிறந்து 2013இல் மறைந்த அமெரிக்க மிகைபுனைவு எழுத்தாளர் ஜாக் வான்ஸை இன்று தேடிப் படிப்பவர்கள் குறைவு. அவரது ‘டையிங் எர்த்’ வரிசையின் நான்கு நூல்களும் (1950, 1966, 1983, 1984) ஒரே தொகுப்பாகக் கிடைக்கின்றன. சூரியன் அணையும் தறுவாயில் உள்ள பூமிதான் களம். மந்திரவாதி ஒரு நேரத்தில் நான்கைந்து மந்திரங்களையே மனத்தில் ஏற்றிக்கொள்ள முடியும், சொன்னதும் மறந்துவிடும். ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் மந்திர விதி இங்கிருந்து போனதுதான்.

முதல் நூலிலேயே பலர் திணறி மூடிவைத்துவிடுகிறார்கள். அது தளர்வாகக் கோத்த ஆறு கதைகள். ஒரு பாத்திரம் மனத்தில் பதிவதற்குள் அடுத்தது வந்துவிடும். பேசாமல் இரண்டாவதில் தொடங்குங்கள். குகெல் என்ற எத்தனின் கதை அது. அவனை நாயகனாக எண்ணினால் ஏமாற்றமே. சம்பிரதாயமான சொற்களில் ஒருவரையொருவர் கவிழ்க்கும் உரையாடல்தான் வான்ஸின் உச்சம். மூன்றாவது, இரண்டாவது முடிந்த இடத்திலேயே தொடங்குகிறது. இந்த இரண்டின் வரிசையை மட்டும் மாற்றவே கூடாது. நான்காவது சுமார்தான்.

புரியாத சொல்லுக்கெல்லாம் அகராதியைப் புரட்ட வேண்டாம், பாதி அவரே புனைந்தவை. பெண் பாத்திரங்கள் மெலிந்தவை. அதற்குச் சமாதானம் சொல்ல முடியாது. நாளுக்கு ஓர் அத்தியாயம் போதும். வேகமாகப் படித்தால் நகைச்சுவை நழுவிவிடும்.