இருட்டில் பைக்கை எது காட்டும்? ரேடியம், ஜாக்கெட், விளக்கு: ஓர் ஒப்பீடு

மதுராந்தகம் தாண்டி, தெருவிளக்கு இல்லாத ஓர் இடத்தில் கார் ஓட்டிக்கொண்டு வந்தேன். மணி ஏழு இருக்கும். எதிர்ச்சாரி வெளிச்சம் கண்ணில் அடித்துக்கொண்டே இருந்தது. திடீரென்று முன்னால், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், ஏதோ மின்னியது. பிரேக்கை மிதித்த பிறகுதான் அது எவர்சில்வர் டிபன் கேரியர் என்று தெரிந்தது. அதை மாட்டிக்கொண்டு ஒரு பைக் போகிறது. ஓட்டுபவர் கருநீலச் சட்டை, முதுகில் கறுப்புப் பை. டெயில் லைட் எரியவில்லை. பின் மட்கார்டை அழகுக்காக வெட்டியிருந்தார், அதோடு அதில் இருந்த சிவப்பு ரிஃப்ளெக்டரும் போயிருந்தது. எழுபதில் போகிற கார் ஒரு நொடியில் 19 மீட்டர் ஓடிவிடும். அந்த டிபன் கேரியர் மட்டும் இல்லையென்றால் அன்றைக்கு எனக்கு அந்த ஒரு நொடி கிடைத்திருக்காது.

நானும் பாதி நாள் ஸ்கூட்டரில் போகிறவன்தான். வீட்டுக்கு வந்ததும் முதலில் என் வண்டியைப் பின்னால் நின்று பார்த்தேன். பார்த்த வரைக்கும் அந்த அண்ணன் வண்டிக்கும் என் வண்டிக்கும் பெரிய வித்தியாசமில்லை. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 சதவீதம் இரு சக்கர வண்டியில் போனவர்கள். ஹெல்மெட்டைப் பற்றி இத்தனை வருடம் பேசியிருக்கிறோம், பேசத்தான் வேண்டும். ஆனால் ஹெல்மெட் வேலை செய்வது இடிபட்ட பிறகு. இடிபடாமல் இருக்க, மற்றவர் கண்ணில் படவேண்டும். அதற்குக் கடையில் என்னென்ன கிடைக்கிறதோ அதையெல்லாம் ஒவ்வொன்றாக வாங்கி, நானும் என் சித்தப்பாவும் இரண்டு வருடமாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டோம். சித்தப்பா அதிகாலை நாலு மணிக்குப் பால் கேன் கட்டிக்கொண்டு கிளம்புகிறவர். என்னைவிட அவருக்குத்தான் இது உயிர்ப் பிரச்சினை.

ஒளிரும் நிறமும் ரேடியமும் ஒன்றல்ல

கடைக்குப் போனால் ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் என்று ஒரே பெயரில் கொடுத்துவிடுகிறார்கள். அந்த ஜாக்கெட்டில் இரண்டு தனித்தனிப் பொருள்கள் இருக்கின்றன. எலுமிச்சைப் பச்சை அல்லது ஆரஞ்சு நிறத் துணி ஒன்று. அதன் குறுக்கே ஓடும் சாம்பல் பட்டை இன்னொன்று.

துணியின் நிறம் பகலுக்கானது. நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரையும் அது வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றுகிறது. அதனால்தான் மேகமூட்டத்திலும், சூரியன் இறங்கும் நேரத்திலும் அது சாதாரண மஞ்சள் சட்டையைவிடத் தூக்கலாகத் தெரிகிறது. இருட்டிவிட்டால் அந்தச் சக்தி முடிந்தது. பழைய மஞ்சள் சோடியம் தெருவிளக்கின் கீழே அது ஒரு மங்கிய துணி, அவ்வளவுதான்.

சாம்பல் பட்டையோ நேர் எதிர். பகலில் அதனால் பயனில்லை. இரவில் அதற்குள் இருக்கும் நுண்ணிய கண்ணாடி மணிகள், தம்மேல் விழும் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புகின்றன. காரின் ஹெட்லைட் வெளிச்சம் காருக்கே திரும்பி வருகிறது, ஓட்டுநரின் கண்ணும் அங்கேதான் இருக்கிறது. நம் ஊரில் ரேடியம் ஸ்டிக்கர் என்று சொல்வது இந்த வகையைத்தான். ரேடியத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றாலும் கடையில் அப்படிக் கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

ஆக, காலை பத்து மணிக்கு ஆபீஸ் போய் ஐந்து மணிக்குத் திரும்புகிறவருக்கு நிறம் முக்கியம். சித்தப்பா மாதிரி நாலு மணிக்குக் கிளம்புகிறவருக்கும், இரவு ஷிப்ட் முடித்து வருகிறவருக்கும் பட்டைதான் முக்கியம். நிறத்தை நம்பி இரவில் போவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. ‘மஞ்சள் சட்டைதானே போட்டிருக்கேன்’ என்பார்கள்.

ஜாக்கெட்டா, வண்டியிலேயே ஒட்டிவிடுவதா?

வலைத்துணி ஜாக்கெட் இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. உடம்பைச் சுற்றி வருவதால் முன், பின், பக்கம் எல்லாத் திசையிலும் தெரியும், உயரத்திலும் இருக்கும். நல்ல சாதனம், சந்தேகமில்லை. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 1990களில் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளை வைத்துச் செய்து 2004இல் வெளியான ஓர் ஆய்வில், ஒளிரும் நிறத்திலோ பிரதிபலிக்கும் பட்டையோடோ உடுத்தியவர்களுக்கு, விபத்தில் காயப்படும் அபாயம் 37 சதவீதம் குறைவாக இருந்தது. இப்படிப்பட்ட உடையைத் தேடி வாங்குகிறவர் ஏற்கெனவே நிதானமாக ஓட்டுகிறவராகவும் இருப்பார் என்பதைக் கொஞ்சம் கழித்துக்கொண்டு பார்த்தாலும், சின்ன எண் இல்லை அது.

ஆனால் நடைமுறையில் என்ன ஆயிற்று? சித்தப்பாவுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இரண்டு வாரம் போட்டார். அப்புறம் ஒரு நாள் போனபோது அது ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

“ஏன் சித்தப்பா, போடலையா?”

“வெயில் ஏறினதும் கழட்டி வண்டியில வச்சேன்டா. அப்புறம் மறந்து போச்சு. நாலு மணிக்குத் தூக்கக் கலக்கத்துல அதெல்லாம் எங்க ஞாபகம் வருது?”

எனக்கு வேறு சிக்கல். முதுகில் லேப்டாப் பை மாட்டினால் ஜாக்கெட்டின் பின்பக்கப் பட்டை முழுதும் மறைந்துவிடுகிறது. நம்மை இடிக்க வாய்ப்புள்ள வண்டி பின்னாலிருந்து வரும்போது அதற்குத் தெரிவது கறுப்புப் பை மட்டும். பைக்கு மேலே போடுகிற மஞ்சள் நிற, பட்டை வைத்த மழை உறை ஒன்று வாங்கிய பிறகுதான் இது தீர்ந்தது. பையோடு போகிறவர்கள் ஜாக்கெட்டைவிட அந்த உறையை வாங்குவது மேல் என்பது என் கணிப்பு. பையிலேயே மாட்டிக் கிடப்பதால் மறக்கவும் வழியில்லை.

வண்டியில் ஒட்டுகிற ரேடியம் டேப்பின் பலமே இந்த மறதி இல்லாமைதான். ஒருமுறை ஒட்டினால் நாலு மணித் தூக்கக் கலக்கத்திலும் அது வேலை செய்யும். வண்டியைச் சாலையோரம் ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, விளக்கை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போனாலும் வேலை செய்யும். பேட்டரி இறங்கினாலும் அதற்குக் கவலையில்லை.

சித்தப்பா முதலில் பால் கேன் மேலேயே ஒட்டினார். தினமும் தேய்த்துக் கழுவுகிற பாத்திரம், ஒரே வாரத்தில் உரிந்து வந்துவிட்டது. பிறகு கேன் மாட்டும் இரும்புக் கம்பியில், பின்பக்கம் சிவப்பும் இரண்டு பக்கமும் மஞ்சளுமாக ஒட்டினோம். லாரிகளில் பார்த்திருப்பீர்கள்: முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு. அதே முறையைப் பின்பற்றுவது நல்லது. வெள்ளை டேப் சிவப்பைவிடப் பல மடங்கு பிரகாசமாகத் தெரியும் என்பது உண்மை. ஆனால் சிவப்பைக் கண்டால்தான் ‘இது ஒரு வண்டியின் பின்புறம்’ என்று யோசிக்காமலே கால் பிரேக்குக்குப் போகும்.

டேப்பிலும் தரம் இருக்கிறது. தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமாகத் தெரிவது பிரிசம் என்கிற நுண்ணிய பட்டகம் பதித்தது. மணி பதித்த சாதா டேப்பைவிட இது வெகு தூரத்திலிருந்தே மின்னும். பளபளவென்று இருக்கும் வெறும் வெள்ளித் தாளையும் ரேடியம் என்று விற்கிறார்கள். கண்டுபிடிப்பது சுலபம். செல்போன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, பத்தடி தள்ளி நின்று, டேப்பைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். நல்ல டேப் சாய்த்தாலும் மின்னிக்கொண்டே இருக்கும். வெள்ளித் தாள் நேராகப் பிடித்தால் மட்டும் பளிச்சிடும், கொஞ்சம் திருப்பினால் செத்துவிடும்.

டேப்பால் முடியாதது

இவ்வளவு புகழ்ந்தாலும் டேப்புக்கு ஒரு பெரிய குறை உண்டு. யாருடைய ஹெட்லைட் அதன்மேல் விழுகிறதோ அவருக்கு மட்டும்தான் அது தெரியும். குறுக்குத் தெருவிலிருந்து திரும்பக் காத்திருக்கும் காரின் வெளிச்சம் நம்மேல் விழாது. அவருக்கு நம் டேப்பும் இல்லை, ஜாக்கெட் பட்டையும் இல்லை. லாரி ஓட்டுநர் தன் ஹெட்லைட்டைவிட வெகு உயரத்தில் உட்கார்ந்திருப்பதால், திரும்பி வரும் வெளிச்சத்தில் கார்க்காரருக்குக் கிடைக்கும் அளவு அவருக்குக் கிடைப்பதில்லை. மேலே சேறு படிந்துவிட்டால் யாருக்குமே கிடைப்பதில்லை.

அங்கேதான் விளக்கு வருகிறது. 2017 ஏப்ரலிலிருந்து வருகிற வண்டிகளில் சாவி போட்டு ஸ்டார்ட் செய்தாலே ஹெட்லைட் எரிகிறது, அணைக்க சுவிட்ச் கிடையாது. அந்த முதல் வருடம் பகலில் போனால் எதிரில் வருகிற எல்லோரும் கையை மூடித் திறந்து ‘லைட் எரியுது’ என்று காட்டுவார்கள், நினைவிருக்கிறதா? அந்த நல்ல மனசுக்கு நன்றி. ஆனால் அது பகலில் எரிய வேண்டிய விளக்குதான். ஆக்லாந்து ஆய்வில் பகலிலும் ஹெட்லைட் எரியவிட்டவர்களுக்கு அபாயம் 27 சதவீதம் குறைவு.

ஹை பீமில் போனால் இன்னும் நன்றாகத் தெரியுமே என்று நினைக்கிறவர்கள் உண்டு. தெரியாது. எதிரில் வருபவருக்குக் கண் கூசி, நம் வண்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் வருகிறது என்ற கணக்கே போய்விடும். காருக்கு இரண்டு விளக்கு இருப்பதால், நெருங்க நெருங்க இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி விரிவதைக் கண் கணக்குப் போடும். பைக்குக்கு ஒற்றை விளக்கு, அந்தக் கணக்கு ஏற்கெனவே கஷ்டம். இதில் கூடுதலாக எல்இடி பட்டியை மாட்டி வானத்தைப் பார்த்துத் திருப்பி வைப்பவர்கள், பார்க்கப்படுவதற்குப் பதிலாக எதிரே வருபவரைக் குருடாக்குகிறார்கள். அந்தப் பணத்துக்கு வேறு நல்ல வழி இருக்கிறது.

என் கணக்கில் எல்லாவற்றிலும் முதலிடம் டெயில் லைட் பல்புக்கு. எல்இடி இல்லாத வண்டிகளில் பின்னால் இருப்பது பெரும்பாலும் 21/5 வாட் பல்பு. ஒரே கண்ணாடிக்குள் இரண்டு இழை: எப்போதும் எரிய 5 வாட், பிரேக் பிடித்தால் எரிய 21 வாட். இதில் ஒன்று மட்டும் கருகிப்போகும். 5 வாட் இழை போயிருந்தால், பிரேக்கை அழுத்தி ‘எரியுதே’ என்று பார்த்துவிட்டு நிம்மதியாகக் கிளம்பிவிடுவோம். சாலையில் பிரேக் பிடிக்காத நேரமெல்லாம் நம் பின்பக்கம் இருட்டு. மதுராந்தகத்தில் நான் பார்த்த வண்டிக்கும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதனால் பிரேக்கைத் தொடாமல் ஒரு தடவை, தொட்டு ஒரு தடவை என்று இரண்டும் பார்க்கவேண்டும். வண்டியின் பின்புறத்தைச் சுவர்ப்பக்கம் வைத்து நிறுத்தினால் இருக்கையில் இருந்தபடியே சுவரில் விழும் சிவப்பைப் பார்த்துவிடலாம்.

சைக்கிளுக்கு விற்கும் சிமிட்டும் சிவப்பு விளக்கைப் பையில் மாட்டுவதையும் முயன்றேன். கவனத்தை இழுக்கிறது, உண்மை. ஆனால் நெடுஞ்சாலையில் அதை மட்டும் வைத்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்வது கடினம். நிலையாக எரியும் டெயில் லைட்டோடு சேர்ந்து இருக்கலாம், தனியாகப் போதாது. மழையில் நான்கு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு போவதும் சரியில்லை. அப்படிப் போட்டுவிட்டால் நீங்கள் திரும்பப் போவதை எப்படிச் சொல்வீர்கள்?

ஹெல்மெட்டும் மழைக்கோட்டும்

ஹெல்மெட் வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரை, முகம் முழுதும் மூடும் வகை, தாடைக்குக் கீழே இறுக்கமாக மாட்டும் பட்டை: இவை மூன்றும் சரியாக இருந்தால், மீதி நிறத்தின் கேள்வி. கறுப்பு அழுக்குத் தெரியாது என்று எல்லோரும் கறுப்பே எடுக்கிறோம். அதே ஆக்லாந்து ஆய்வில் கறுப்பு ஹெல்மெட்டோடு ஒப்பிட்டால் வெள்ளை ஹெல்மெட் போட்டவர்களுக்கு அபாயம் 24 சதவீதம் குறைவு. விலை ஒன்றுதான் என்னும்போது வெள்ளையை எடுக்காமலிருக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. ஏற்கெனவே கறுப்பு இருந்தால் பின்மண்டைப் பக்கம் உள்ளங்கை அளவு ரேடியம் ஒட்டுங்கள். ஒட்டும் முன் பெட்ரோலோ தின்னரோ போட்டுத் துடைக்கக் கூடாது, ஓடு பலவீனமாகும். சோப்புத் தண்ணீரும் துணியும் போதும்.

இந்த இடத்தின் அருமை, பின்னால் ஆள் ஏறும்போது தெரியும். அத்தையின் முந்தானையோ அரிசி மூட்டையோ டெயில் லைட்டை மறைத்துவிட்டால், எல்லாவற்றுக்கும் மேலே மீதி நிற்பது தலை மட்டும்தான். அதனால் பின்னால் உட்காருபவரின் ஹெல்மெட்டில்தான் முதலில் ஒட்டவேண்டும். அவர் தலை இடையில் இருந்தால் ஓட்டுபவர் ஹெல்மெட்டில் இருப்பது பின்னால் வருபவருக்குத் தெரியாது. கறுப்புக் கண்ணாடி வைசரை இருட்டில் இறக்கிவிட்டு ஓட்டாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மற்றவருக்கு நாம் தெரிவது பாதி, நமக்குச் சாலை தெரிவது பாதி.

மழைக்கோட்டில் யோசிக்கவே வேண்டியதில்லை. ஐப்பசி கார்த்திகை மழையில், மாலை ஐந்தரைக்கே இருட்டிக்கொண்டு வரும்போது, முன்னால் போகும் லாரி கிளப்பும் நீர்ப்புகைக்குள் கருநீலக் கோட்டு போட்ட ஆள் கரைந்தே போகிறார். கடையில் முதலில் எடுத்துப் போடுவது அந்தக் கருநீலம்தான். மஞ்சளைக் கேட்டு வாங்குங்கள், முதுகில் பட்டை இல்லையென்றால் ரேடியம் கடையில் தைக்கிற வகைப் பட்டை வாங்கித் தைத்துக்கொள்ளுங்கள். காற்றில் படபடக்கும் போர்வை மாதிரிக் கோட்டைவிட, சட்டையும் பேண்டுமாகத் தனித்தனியாக இருப்பது நல்லது. அது சக்கரத்தில் சிக்காது, டெயில் லைட் மேலும் விழாது.

கையில் ஐநூறு ரூபாய்தான் இருக்கிறது என்றால் நான் செய்வது இது: முதலில் பல்பு, இரண்டாவது வண்டியின் பின்னும் பக்கமும் நல்ல டேப், மீதியில் இரண்டு ஹெல்மெட்டுக்கும் ரேடியம். ஜாக்கெட் அதற்கப்புறம். ஜாக்கெட் மட்டமான பொருள் என்பதால் இல்லை, அதைத் தினமும் ஒரு மனிதர் நினைவு வைத்துப் போட வேண்டியிருக்கிறது என்பதால்.

சித்தப்பா இப்போது வண்டியை எதிர்வீட்டுச் சுவருக்கு முதுகு காட்டித்தான் நிறுத்துகிறார். நாலு மணிக்கு உதைத்து ஸ்டார்ட் செய்ததும் கழுத்தைத் திருப்பி, சுவரில் சிவப்பு விழுகிறதா என்று ஒரு பார்வை. விழவில்லையென்றால் இருக்கைக்கு அடியில் ஒரு பழைய மாத்திரை டப்பாவில், பஞ்சுக்குள் சுற்றி, மாற்று பல்பு வைத்திருக்கிறார்.