பழைய ஹோண்டா சிட்டிக்கு கிராங்க் புல்லி ஹோல்டர், கோவை கணபதி லேத் பட்டறையில செஞ்சது

1998ல இருந்து 2003 வரைக்கும் வந்த பழைய சிட்டி, டைமிங் பெல்ட் வண்டி வச்சிருக்கறவங்களுக்காக இத எழுதறேன். கணபதி பக்கம் சந்துக்குள்ள இருக்கற ஒரு லேத் பட்டறைல புல்லி ஹோல்டர், அதாவது போல்ட் கழட்டும்போது புல்லி சுத்தாம பிடிச்சுக்கற டூல், செஞ்சு வாங்கினேன், வேல அவ்ளோ சுத்தம்.

பெல்ட் மாத்தணும்னா கிராங்க் புல்லி, அதாவது எஞ்சின் கிராங்க் ஷாஃப்ட் நுனில இருக்கற சக்கரம், அது நடுவுல இருக்கற போல்ட்ட கழட்டியே ஆகணும், அங்கதான் எல்லாரும் மாட்டறது. மத்த வண்டில பிரேக்கர் பார (சாக்கெட் மாட்டற நீளக் கைப்பிடி) சேசிஸ்ல முட்டு குடுத்துட்டு செல்ஃப் ஒரு தட்டு தட்டி லூஸ் பண்ற மெக்கானிக்க பாத்திருப்பீங்க, இந்த எஞ்சின் புல்லி பக்கம் இருந்து பாத்தா இடப்பக்கமா, கடிகார முள்ளுக்கு எதிரா சுத்துறதால செல்ஃப் அடிச்சா போல்ட் இன்னும் இறுகத்தான் செய்யும். புல்லி மேல செயின் போட்டு பிடிக்கறதும் வேண்டாங்க, உள் வளையத்துக்கும் வெளி வளையத்துக்கும் நடுவுல ரப்பர் இருக்கு, அது விட்டுடுச்சுன்னா புல்லியே போச்சு.

ஹோண்டாக்காரங்களே புல்லி முகத்துல 50 எம்எம்ல ஒரு ஆறுமூலைக் குழி விட்டிருக்காங்க. எம்33 நட்டோட (33 எம்எம் போல்ட்டுக்கான நட்டு) வெளி அளவும், எதிரெதிர் பக்கத்துக்கு நடுவுல அளந்தா, கரெக்ட்டா அதே 50 எம்எம்தான். நட்ட ஒரு இரும்புப் பட்டைல வெல்டு பண்ணி குழில சொருகி, நடு ஓட்ட வழியா சாக்கெட்ட விட்டா முடிஞ்சுது.

நான் நட்டும் சாக்கெட்டும் எடுத்துட்டுப் போய் விசயத்த சொன்னதும் பட்டறை அண்ணன் நட்ட திருப்பித் திருப்பி பாத்துட்டு, "மூலையெல்லாம் சாய்ச்சு விட்ருக்குதுங்க, இப்டியே வச்சா நுனிலதான் பிடிக்கும், வழுக்கிரும்"னாரு. அந்த சாய்வு போற வரைக்கும் ஃபேசிங் பண்ணி, அதாவது லேத்துல முகத்த சீவி, தட்டையாக்கினாரு. எனக்கு இது தோணவே இல்ல, குழி ஆழம் கம்மிங்கறதால இந்த ஒரு வேலதான் டூலையே காப்பாத்துது. அப்பறம் உள்மரை முழுசா போற மாதிரி 34 எம்எம்க்கு போரிங் (ஓட்டைய உள்பக்கம் கடைஞ்சு பெருசாக்கறது), சாதா சாக்கெட் மரையோடவே நுழையும், ஆனா இம்பாக்ட் சாக்கெட் தடியா இருக்கும்ல. பட்டை 65க்கு 10 எம்எம், ரெண்டரை அடி, அதுலயும் அதே ஓட்ட. வெல்டிங் வைக்கறப்போ ரெண்டு ஓட்டைலயும் ஒரு ராடு துண்ட சொருகி சென்டர் புடிச்சுட்டுத்தான் பத்த வச்சாரு. நட்டு மைல்டு ஸ்டீலா வாங்கிட்டு போங்க, ஹை டென்சில்னா வெல்டு ஓரத்துல விரிசல் விட வாய்ப்பு இருக்கு, கால்வனைஸ் பண்ணதுன்னா புகை உடம்புக்கு ஆகாது.

நட்டு, பட்டை, கூலி எல்லாம் சேத்து 850 ரூபா ஆச்சு. பில்லு கிடையாது, பெயின்ட் கிடையாது, உக்கார எடமும் கிடையாது. பம்ப் கம்பெனி ஜாப் ஆர்டர் ஓடிட்டு இருந்தா ஒத்த பீஸ் வேலைய தொடவே மாட்டாங்க, நானும் ரொம்ப நேரம் நின்னேன். அது தப்புன்னு சொல்ல மாட்டேன், ஓடற மிஷின நிறுத்தி நமக்காக செட்டிங் மாத்தணும்ல.

வண்டில போட்டு பாத்தாச்சு. முன்னாடி இடது டயர கழட்டி ஸ்டாண்டு குடுத்து, ஹோல்டர் கைப்பிடி வண்டி முன்பக்கம் பாக்கற மாதிரி வச்சு, அடில கட்ட குடுத்தேன், கழட்டும்போது அது கீழதான் அமுங்கும். எக்ஸ்டென்ஷன் ஆடாம இருக்க அதுக்கு அடில இன்னொரு ஸ்டாண்டு. பிரேக்கர் பார்ல பைப் மாட்டி அழுத்தினதும் டக்குனு ஒரு சத்தம், போல்ட் விட்டுடுச்சு. நட்டு ஒரு இம்மி நகரல, வெல்டும் அப்டியே இருக்கு. திருப்பி டைட் பண்றப்போ கைப்பிடிய பின்பக்கமா மாத்தி வைக்கணும், டார்க் ரெஞ்ச் (எவ்ளோ இறுகுதுன்னு அளந்து காட்டற ரெஞ்ச்) போட்டுத்தான் முடிக்கணும்.

போறதா இருந்தா சனிக்கிழமை மதியத்துக்கு மேல போங்க, அப்போ ஆர்டர் வேல கொறஞ்சிருக்கும். நீங்க போடப்போற சாக்கெட்ட கையோட கொண்டு போங்க, அத உள்ள விட்டு பாத்துத்தான் அவரு போரிங்க முடிப்பாரு.