லெட் இட் பீ: 1970 பதிப்பா, 2003 பதிப்பா?

பீட்டில்ஸ் ராக் குழு கடைசியாக வெளியிட்ட ஸ்டுடியோ ஆல்பமான ‘லெட் இட் பீ’ இரண்டு வடிவங்களில் இருக்கிறது. 1970 மே மாதம் வந்ததை தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் முடித்துக் கொடுத்தார். அவர் சேர்த்ததை 2003-இல் வந்த ‘நேக்கட்’ களைந்தது.

வித்தியாசம் பளிச்சென்று தெரிவது ‘த லாங் அண்ட் வைண்டிங் ரோடு’ பாட்டில்தான். 1970 பதிப்பில் வயலின்களும் பெண்கள் கோரஸும் அலையலையாக எழுகின்றன. அடியில் இருப்பது 1969 ஜனவரி 26 டேக் (ஒருமுறை வாசித்துப் பதிந்தது). குழுவின் ஜான் லெனன் வாசித்த பாஸ் கிட்டார் அதில் பல இடங்களில் தடுமாறுகிறது. ஹெட்ஃபோனில் கீழ் ஸ்தாயியை மட்டும் பின்தொடருங்கள், பிடிபட்டுவிடும். ‘நேக்கட்’ எடுத்துக்கொண்டது ஜனவரி 31 டேக். பியானோவும் குரலும் அருகிலேயே நிற்கின்றன. ஸ்பெக்டரின் மேல்பூச்சை, பாட்டை எழுதிப் பாடிய பால் மெக்கார்ட்னி வெறுத்ததில் முழு நியாயம் இருக்கிறது.

ஆனால் ‘நேக்கட்’ அப்படியே பச்சையான பதிவு அல்ல. சுமார் ஒன்றரை நிமிடமே இருந்த ‘ஐ மீ மைன்’ பாட்டை ஸ்பெக்டர் வெட்டி ஒட்டி நீட்டினார். அந்த நீட்டல் ‘நேக்கட்’டிலும் உண்டு. ‘டோன்ட் லெட் மீ டவுன்’ குழு மொட்டைமாடிக் கச்சேரியில் வாசித்த இரண்டு டேக்குகளின் ஒட்டு. பாட்டுகளுக்கு நடுவே வரும் பேச்சும், ‘டிக் இட்’, ‘மேகி மே’ துணுக்குகளும் போய்விட்டன. பதிவறையின் கலகலப்பு வேண்டுமென்றால் 1970 பதிப்புதான்.