எழுத்துப் படிக்க அயோவா சிட்டி: கீழக்கரைப் பக்கத்து ஆலோசனை நிலையம் எவ்வளவு உதவும்?

கீழக்கரைப் பக்கம் இயங்கும் வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிலையம் ஒன்றின் சேவையைப் பற்றி எழுதுகிறேன். பெயரைத் தவிர்க்கிறேன், இங்கே சொல்லும் குறைகள் இத்தொழிலில் பொதுவாகவே காணப்படுபவை. புனைவெழுத்தில் முதுகலைப் பட்டம் பெற அமெரிக்காவின் அயோவா சிட்டிக்குக் குடிபெயரலாமா என்ற யோசனையுடன் அவர்களை அணுகினேன்.

சபராளிகளை, அதாவது பிழைப்புக்காக வெளிநாடு போகிறவர்களை, அனுப்பிப் பழகிய கடற்கரை என்பதால், ஆவண வேலையில் இவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. பாஸ்போர்ட்டிலும் மதிப்பெண் சான்றிதழிலும் தந்தையின் பெயர் வெவ்வேறாக இருந்ததை முதல் பார்வையிலேயே கண்டுபிடித்து, மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். சேர்க்கையை உறுதிசெய்யும் ஐ-20 படிவத்தைப் பல்கலைக்கழகம் அனுப்பிய பிறகே மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும் என்பதையும், நேர்காணலுக்கு முன்பே வெளிநாட்டு மாணவர்களைப் பதிவுசெய்யும் அமெரிக்க அரசின் செவிஸ் அமைப்புக்கான கட்டணமான 350 டாலரைத் தனியாகச் செலுத்தியிருக்க வேண்டும் என்பதையும், படிப்பு முடிந்து ஊர் திரும்புவோம் என்ற நம்பிக்கை சென்னைத் துணைத் தூதரக அதிகாரிக்கு ஏற்படாவிட்டால் மற்றவையெல்லாம் சரியாக இருந்தும் விசா மறுக்கப்படலாம் என்பதையும் ஆலோசகர் பொறுமையாக விளக்கினார். "வீடு, நிலம், வல்லம் எது இருந்தாலும் பத்திரத்தைக் கொண்டு வாங்க தம்பி" என்றார்.

படிப்பைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான் சேவை சறுக்குகிறது. அயோவா என்றதும் அவர் எடுத்துக் காட்டியது, 1967-இல் தொடங்கப்பட்ட சர்வதேச எழுத்துத் திட்டம். அசோகமித்திரன் 1973-இல் கலந்துகொண்டு, பின்னர் 'ஒற்றன்' நாவலுக்குக் களமாக்கிக்கொண்ட அதே திட்டம்தான். ஆனால் அது ஏற்கெனவே நூல் வெளியிட்ட எழுத்தாளர்களைச் சில மாதங்கள் தங்கவைப்பது, பட்டம் தருவதில்லை. பட்டம் தருவது 1936-இல் தொடங்கிய எழுத்தாளர் பட்டறை. இரண்டாண்டுப் படிப்பு, ஆங்கிலத்தில் எழுத வேண்டும், ஒருவர் எழுதியதை மற்றவர்கள் முன்கூட்டியே படித்துவந்து வகுப்பில் விவாதிப்பதே அங்கே பாடம். இரண்டும் ஒரே பல்கலைக்கழகத்தில் இருப்பதால் குழப்பம் நேர்வது இயல்பே. எனினும் கட்டணம் வாங்கும் ஆலோசகர் இதை அறிந்திருக்க வேண்டாமா? தமிழில் இயங்குபவருக்கு இன்னும் பொருத்தமாக இருக்கக்கூடிய இலக்கிய மொழிபெயர்ப்பு முதுகலையும் அங்கேயே உண்டு என்பதை நானே தேடித்தான் அறிந்துகொண்டேன்.

இதைவிட வியப்பான ஒன்று உண்டு. இத்தகைய படிப்புகளில் விண்ணப்பத்துடன் அனுப்பும் கதைகளோ கவிதைகளோதான் பெரும்பாலும் இடத்தைத் தீர்மானிக்கின்றன. அந்தக் கதைகளையும், ஏன் இதைப் படிக்க விரும்புகிறோம் என்று விளக்கும் நோக்கக் கடிதத்தையும் "நம்ம ஆளே நல்லா எழுதிக் கொடுத்திருவாரு, தனிக் கட்டணம்தான்" என்றார்கள். எழுதக் கற்றுக்கொள்ளப் போகிறவனுக்கு! பொறியியல் மாணவர்களுக்குக் கொடுத்துப் பழகிய வார்ப்புக் கடிதம் ஒன்றையும் காட்டினார்கள். அதில் துறையின் பெயரை மட்டும் மாற்றினால் போதுமாம். மறுத்தபோது, வேறொரு நாட்டில் வணிகத் தகவல் தொடர்பு படிக்கலாமே என்று பேச்சை மாற்றினார்கள். ஒப்பந்தம் செய்துகொண்ட கல்லூரிகள் ஆலோசனை நிலையங்களுக்குத் தரகுத் தொகை தருவது இத்தொழிலின் வழக்கம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இந்தப் பரிந்துரை எங்கிருந்து வருகிறது என்பது விளங்கும்.

ஊரைப் பற்றியும் அவர்களிடம் எதிர்பார்க்க வேண்டாம். அயோவா சிட்டியின் மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 75,000. 2011-இல் 61,000-ஐத் தாண்டியிருந்த நம் இராமநாதபுரம் நகராட்சியைவிடச் சற்றே பெரியது. அவ்வளவு சிறிய ஊரை யுனெஸ்கோ 2008-இல் இலக்கிய நகரமாக அறிவித்தது. மாணவர்களில் பெரும்பாலோருக்குக் கற்பித்தல் பணி போன்ற வழிகளில் உதவித்தொகை கிடைப்பதால், நகையை அடகு வைத்துப் போகும் படிப்பு அல்ல இது. சோளக்காடுகளும் உறைபனிக்காலமும் கொண்ட, கடலே எட்டாத மாநிலம் என்பதை மட்டும் இந்தக் கரையில் பிறந்தவர்கள் யோசித்துக்கொள்ள வேண்டும். மீன் கிடைக்கும், நம் மீன் கிடைக்காது. அங்கே படித்தவர்களிடம் மின்னஞ்சலில் கேட்பது எந்த ஆலோசகரிடம் கேட்பதைவிடவும் பயன் தரும்.

ஆகவே படிப்பையும் ஊரையும் நீங்களே முடிவு செய்து, கதைகளை நீங்களே எழுதி, சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்த பிறகு விசா வேலைக்கு மட்டும் இவர்களிடம் போகலாம். விசா வேலைக்குத் தனிக் கட்டணம் உண்டு; ஆனால் முழுத் தொகுப்பைத்தான் முதலில் சொல்வார்கள், கேட்டால்தான் பிரித்துத் தருவார்கள். முன்பணத்துக்கு ரசீது தருகிறார்கள். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் மூடியிருக்கும்.